டெலிட் கீயைத் தட்டினால் பயாஸ் திறக்கவில்லையே?

கேள்வி: டெஸ்க்டாப்பில் புதிதாக விண்டோஸ் போட பென் டிரைவ் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஆன் செய்ததும் டெலிட், எஃப்12 என்று எதைத் தட்டினாலும் கணினி கண்டுகொள்வதில்லை. நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. அங்கே போனபின் கீபோர்டு ஒழுங்காக வேலை செய்கிறது. புது கீபோர்டு வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸில் எல்லா எழுத்தும் விழுகிறது என்றால் கீபோர்டு நல்ல நிலையில்தான் இருக்கிறது. விண்டோஸுக்குள் உங்கள் தட்டலைக் கவனிப்பது அதன் டிரைவர் மென்பொருள். ஆன் செய்த முதல் சில விநாடிகளில் விண்டோஸே இன்னும் வந்திருக்காது; அப்போது மதர்போர்டிலேயே இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ்தான் கவனிக்க வேண்டும். உங்கள் பயாஸ் அதைச் செய்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கணினியை ஆன் செய்யுங்கள். திரையில் லோகோ வந்ததும் நம் லாக் (Num Lock) கீயை இரண்டு மூன்று முறை தட்டி, அதன் விளக்கைப் பாருங்கள். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக எரிப்பதில்லை. எதிர்முனையில் இருக்கும் கணினி சொன்னால்தான் எரியும், அணையும். விளக்கு மாறுகிறதா? அப்படியானால் பயாஸுக்குக் கீபோர்டு தெரிகிறது, நீங்கள்தான் தாமதமாகத் தட்டுகிறீர்கள். பவர் பட்டனை அமுக்கிய கையோடு டெலிட்டை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் அது எஃப்2 ஆக இருக்கும்.

விளக்கு அசையவே இல்லையா? கீபோர்டை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் அதற்குள் இரண்டு கீபோர்டு வாங்கிவிட்டிருந்தார். இரண்டையுமே மானிட்டரின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில்தான் செருகியிருக்கிறார். மானிட்டர் கண் விழிப்பதற்குள் பயாஸின் வேலை முடிந்துவிடும். ஹப், மானிட்டர், சிபியுவின் முன்பக்கம் எதுவும் வேண்டாம். பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். நீல நிறத்தில் இருப்பது 3.0. பழைய போர்டுகள் சிலவற்றில் விண்டோஸ் வரும்வரை அதற்கு உயிரே இருக்காது. புளூடூத் கீபோர்டு என்றால் இந்த வேலைக்கு மட்டும் வயர் உள்ள ஒன்றைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குங்கள். யுஎஸ்பியில் செருகும் குட்டி டாங்கிள் வைத்த வயர்லெஸ் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்துவிடும்.

போர்ட் மாற்றியும் பலனில்லை என்றால் என் சந்தேகம் ஃபாஸ்ட் பூட் மேல்தான். சீக்கிரம் விண்டோஸைக் கொண்டுவருவதற்காக, யுஎஸ்பி சாதனங்களை எழுப்பும் வேலையையே பயாஸ் தள்ளிப்போட்டுவிடும். அதை அணைக்க பயாஸுக்குள் போக வேண்டும், போகக் கீபோர்டு வேண்டும்! சரி, பின்வாசல் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். பயாஸே திறந்துவிடும். உள்ளே ஃபாஸ்ட் பூட்டை டிஸேபிள் செய்யுங்கள். லெகசி யுஎஸ்பி சப்போர்ட் அணைந்திருந்தால் எனேபிள் செய்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் போட்ட கணினியில் இந்த வழி தெரியாது.

அந்த நீலத் திரையிலேயே மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடந்தால் பயப்பட வேண்டாம். 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட் இதே கோளாறைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது. அப்டேட் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

எல்லா வழியும் அடைத்துக்கொண்டால், கடைசியாக பயாஸை அதன் ஆரம்ப நிலைக்குத் திருப்பலாம். கணினியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள். ஆனால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், இதைச் செய்தபின் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே சிபியுவின் மூடியைத் திறங்கள்.