சத்தம் அடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அம்மாவின் சமையல் குறிப்புகளை எழுதித் தொகுத்துவருகிறேன். கிராம், நிமிடக் கணக்கில் எழுதினால் யார் வீட்டுக் குறிப்போ போலிருக்கிறது. நினைவுகளைச் சேர்த்தால் குறிப்பு மறைந்து கட்டுரையாகிவிடுகிறது. அம்மாவின் குரலுக்கும் என் குரலுக்கும் இதில் எங்கே இடம்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நினைவுகளை முன்னுரையாக வைப்பதால் மட்டும் குரல் வந்துவிடாது. அது செய்முறையின் வினைச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் அனுபவம்.

வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்க வேண்டும் என்று என் அம்மாவிடம் கேட்டபோது, "சத்தம் அடங்கட்டும்" என்றார். நானோ கடிகாரத்தைப் பார்த்து "12 நிமிடம்" என்று எழுதிக்கொண்டேன். பிறகு என் வீட்டில் குறுகலான பாத்திரத்தில் வதக்கியபோது, 12 நிமிடம் கழிந்தும் வெங்காயம் வெளிறியே கிடந்தது. வெங்காயத்தில் நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றிய பிறகே சூடு ஏறி, 140 டிகிரியை நெருங்கும்போது விரைவாகச் சிவக்கும். எண்ணெயில் எழும் சடசடப்பு அந்த நீர் ஆவியாகி வெளியேறும் ஓசைதான். அடுப்பும் பாத்திரமும் மாறினாலும் தவறாத அடையாளத்தை அம்மா இரண்டு சொற்களில் தந்திருந்தார்; திருத்துவதாக நினைத்துக்கொண்டு நான் அதைக் கெடுத்திருந்தேன்.

அதற்காக எடைக்கருவியை ஒதுக்கிவிட வேண்டாம். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் உள்ள சமையல் குறிப்புகளில் அளவுகள் பெரும்பாலும் இல்லை. இன்று அவற்றைச் சமைத்துப் பார்ப்பவர்கள் ஊகித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. 1896இல் வெளிவந்த தம் சமையல் நூலில் அமெரிக்கரான ஃபானி ஃபார்மர் கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்க வற்புறுத்தியது, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாதவர்களுக்குப் பெரும் உதவி. ஆகவே அம்மாவின் கைப்பிடியை நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். "கைப்பிடி" என்ற சொல்லையும் அதன் அருகிலேயே விட்டுவையுங்கள்.

உங்கள் குரல், அம்மாவிடமிருந்து நீங்கள் விலகும் இடங்களில் இருக்கிறது. உப்பையோ எண்ணெயையோ குறைத்திருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், அவர் எவ்வளவு போடுவார், நீங்கள் ஏன் குறைத்தீர்கள் என்று அந்த வரியிலேயே சொல்லுங்கள். அவருடைய பேச்சுவழக்கை ஏட்டுத்தமிழாகவும் மாற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் அவசியம். அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். தனியே உட்காரவைத்துக் கேட்டால் அவரும் நிமிடக் கணக்கில்தான் சொல்வார்.