‘ரோக்லைக்’ என்ற பெயரை எங்கள் விளையாட்டுக்கு இடலாமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்கிறார்: “நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் புதிதாக அமையும்; இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; ஆனால் சேர்த்த கருவிகளில் சில அடுத்த ஆட்டத்துக்கும் மிஞ்சும். ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் வெளியிடும்போது இதை ‘ரோக்லைக்’ என்று குறிப்பிட நினைக்கிறேன். அந்த வகையை, அதற்குப் பெயர் தந்த ‘ரோக்’ என்ற பழைய விளையாட்டு தொடக்கிவைக்கவில்லை, ஆகவே பெயரே பொருந்தாது, நாங்களே புதுப்பெயர் வைப்போம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?”

உங்கள் நண்பர் சொல்லும் வரலாறு சரியானது. அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவுதான் சரியல்ல.

மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் கலிஃபோர்னியாவில் மாணவர்களாக இருந்தபோது 1980 அளவில் ரோக்கை எழுதினார்கள்; பின்னர் கென் ஆர்னால்டும் அவர்களுடன் இணைந்தார். எழுத்துக் குறிகளால் வரையப்பட்ட நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதும், இறந்தவர் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புவதும் அதன் உயிர்நாடி. ஆயினும் 1978இலேயே டான் வொர்த் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘பினீத் ஆப்பிள் மேனர்’ என்னும் விளையாட்டில், ஆட்டக்காரரும் எதிரிகளும் மாறிமாறி முறைவைத்து நகரும் ஆட்டமும் தானாக உருவாகும் நிலவறையும் இருந்தன. ஆகவே முதலில் வந்தது எது என்ற அளவுகோலை மட்டும் வைத்தால், இந்தப் பெயர் ரோக்குக்கு உரியதல்ல.

பிறகு ஏன் ரோக்கின் பெயர் நிலைத்தது? அது பயணித்த வழியே காரணம். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் இயங்குதள வெளியீடான 4.2பிஎஸ்டியுடன் ரோக்கும் சேர்ந்து சென்றதால், பல்கலைக்கழகக் கணினிகளில் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள், விளையாடினார்கள், அதைப் பார்த்துத் தாங்களும் எழுதத் தொடங்கினார்கள். மோரியா, ஹேக், 1987இன் நெட்ஹேக், 1990இன் ஆங்பாண்ட் என்று அந்தக் குடும்பம் விரிந்தது. 1993இல் யூஸ்நெட் என்னும் இணையக் கலந்துரையாடல் வலையமைப்பில் இவற்றைப் பற்றிய குழுக்களை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தபோது, ‘ரோக் போன்றவை’ என்ற பொருளில் இந்தச் சொல் அங்கே வகைப்பெயராக அமர்ந்தது. யார் முதலில் செய்தார் என்பதை இந்தப் பெயர் பதிவு செய்யவில்லை. யாரைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள் என்பதையே பதிவு செய்கிறது. அந்த வகையில் அது நேர்மையான பெயர் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, உங்கள் விளையாட்டுக்கு அது பொருந்துமா என்பது. 2008இல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குநர்கள் ஒரு வரையறையை முன்வைத்தார்கள்: தற்செயலாக அமையும் உலகம், மீளாத இறப்பு, முறைவைத்த ஆட்டம், கட்டங்களில் நகர்வு முதலியன அதில் முக்கிய அம்சங்கள். அதே ஆண்டில் டெரெக் யூவின் ‘ஸ்பெலங்கி’ வெளிவந்து, பாய்ந்து தாவும் விளையாட்டுக்குள் தற்செயலான குகைகளையும் மீளாத இறப்பையும் கொண்டுவந்தது. அதன் பின் வந்த பலவும் அந்த வழியையே பின்பற்றின. 2013இல் ‘ரோக் லெகசி’யை உருவாக்கியவர்கள், இறந்த பின்னும் முன்னேற்றம் மிஞ்சும் தங்கள் விளையாட்டை ‘ரோக்லைட்’ என்று அழைத்தார்கள். கருவிகள் அடுத்த ஆட்டத்துக்கு மிஞ்சும் உங்கள் விளையாட்டுக்கு நெருங்கிய பெயர் இதுவே.

திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கேட்பவர் அந்த மரம் முதலில் எங்கே முளைத்தது என்று விசாரிப்பதில்லை. தாம் அறிந்த சுவையைக் கேட்கிறார். விளையாட்டு வாங்குபவரும் அவ்வாறே. ஆகவே பெயர் அசலானதா என்பதைவிட, அது தரும் வாக்குறுதியை உங்கள் விளையாட்டு காப்பாற்றுகிறதா என்பதே உங்களுக்கு முக்கியமான கேள்வி. ஸ்டீமில் வாங்கியவர் 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதால், பொருந்தாத பெயரால் வருபவர்கள் உங்களிடம் தங்கமாட்டார்கள்.

சட்ட அச்சமும் உங்கள் நண்பருக்கு இருக்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எண்ணக்கருவுக்கும் முறைமைக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பை வழங்குவதில்லை. இறந்தால் மீண்டும் தொடங்குதல் என்னும் விதி எவருடைய சொத்துமன்று. ஆனால் தோற்றத்தை அப்படியே நகலெடுப்பது வேறு விடயம்: 2012இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, டெட்ரிஸின் விதிகளை மட்டுமன்றி அதன் தோற்றத்தையும் பின்பற்றிய ‘மினோ’ என்னும் விளையாட்டு உரிமையை மீறியது என்று தீர்த்தது. உங்கள் ஒழுங்கைகளும் கிடுகு வேலிகளும் நீங்களே வரைந்தவையாக இருக்கும்வரை அந்தச் சிக்கல் எழாது.

புதுப்பெயர் வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. 1993இன் ‘டூம்’ என்னும் சுடும் விளையாட்டு வெளிவந்தபின் அதைப் போன்றவை நெடுங்காலம் ‘டூம் நகல்கள்’ என்றே அழைக்கப்பட்டன. அந்த வகை பெருகிய பின்னரே பொதுப்பெயர் ஊன்றியது. ஹிடெயோ கொஜிமா போன்ற பெரும் புகழ் பெற்ற விளையாட்டு உருவாக்குநர் 2019இல் ‘டெத் ஸ்ட்ராண்டிங்’கை ‘ஸ்ட்ராண்ட் விளையாட்டு’ என்னும் புதிய வகை என்று அறிவித்தபோதும், அந்தப் பெயர் பெரும்பாலும் அவருடைய விளையாட்டுடனேயே நின்றது. பிறர் உங்களைப் பின்பற்றும்போதுதான் வகைப்பெயர் பிறக்கும். அதை நீங்களே முன்கூட்டிச் சூட்ட முடியாது. அதற்கு மேலாக, எவரும் அறியாத ஒரு வகைப்பெயரைத் தேடி எந்த வாங்குபவரும் வரமாட்டார்.

ஆகவே ஸ்டீம் பக்கத்தில் ‘ரோக்லைட்’ என்ற குறிச்சொல்லை முன்வரிசையில் இடுங்கள். ஆட்டம் முறைவைத்து நகராமல் தொடர்ந்து ஓடுவதாயின் ‘ஆக்‌ஷன் ரோக்லைக்’ என்பதையும் சேர்க்கலாம். ‘டிரடிஷனல் ரோக்லைக்’ (மரபுவழி ரோக்லைக்) என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எவை மிஞ்சும், எவை இழக்கப்படும் என்பதைச் சிறு விவரணத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். உங்கள் நண்பர் விரும்பும் புதுப்பெயரை விளையாட்டின் தலைப்பாகவே வையுங்கள். ஒழுங்கை என்ற சொல் அங்கே இருக்கட்டும்.