மாமாவை யார் உட்கார வைப்பது?

அன்புள்ள அண்ணா,

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நீங்கள் ஆடிய காலத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எங்கள் சண்டை ஒன்றை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

எங்கள் செட்டில் பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். 2024 மே மாதம் கிரிஸ்டல் பேலஸ் எங்களை 4-0 என்று அடித்த இரவு, ஆட்டம் முடியும்போது இங்கே மணி இரண்டரை. பேலஸின் மைக்கேல் ஒலிசே எங்கள் மிட்ஃபீல்டர் காசெமிரோவைத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டு, 'இவர் கதை முடிஞ்சுது, வித்துடுங்க' என்று குரூப்பில் முதலில் போட்டவன் நான்தான். முன்னாள் ஆட்டக்காரர் ஜேமி கேரகரும் டிவியில் அதையே சொன்னார். என் நண்பன் ஒருவன், 'அஞ்சு சாம்பியன்ஸ் லீக் கோப்பை ஜெயிச்சவரை நீ பேசறியா' என்று சண்டைக்கு வந்தான். இரண்டு மாதம் பேச்சே இல்லை. அப்புறம் பார்த்தால் அடுத்த வருஷம் அதே ஆள் திரும்ப நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டார். கோச் அன்செலாட்டி பிரேசில் அணிக்கே கூப்பிட்டுக்கொண்டார். நண்பன் இன்றுவரை என் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து எடுத்துப் போடுகிறான். நான் சொன்னது தப்பா? ஒரு மிட்ஃபீல்டர் முடிந்துவிட்டார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. எங்கள் டீமை ஆரம்பித்தவர் என் தாய்மாமா. 42 வயது. இன்னும் நடுவில்தான் ஆடுகிறார். எனக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். போன டோர்னமென்ட்டில் இரண்டு கோல் அவர் பக்கமாகவே வந்தது. இந்த வருஷம் கேப்டன் நான் என்பதால் பசங்கள் என்னிடம் வந்து முணுமுணுக்கிறார்கள். மாமாவை யார் உட்கார வைப்பது?

ர.

அன்புள்ள தம்பி ர.,

உங்கள் கடிதத்தில் காசெமிரோ முக்கால் பாகம், மாமா கால் பாகம். உங்கள் மனசில் அது தலைகீழாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் வரிசைப்படியே வருகிறேன்.

அன்று நீங்கள் பார்த்தது பொய்யில்லை. நானும் இங்கே புதுச்சேரி லாஸ்பேட்டையில் கண் விழித்துப் பார்த்தேன். ஒலிசே போன வேகத்துக்கு காசெமிரோ திரும்பிய விதம், வாசலில் பஸ்ஸை விட்டவர் திரும்புவது போல இருந்தது. ஆனால் அன்று அவரை எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? சென்டர் பேக். டிஃபன்ஸில் ஆளாளுக்குக் காயம் என்று, வாழ்நாள் முழுக்க நடுவில் ஆடிய 32 வயது மனிதரைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே அவருக்கு முதுகுப் பக்கம் கோல்கீப்பர் மட்டும்தான். நழுவ விட்டால் கோல்.

'ஃபுட்பால் உன்னை விட்டுப் போவதற்குள் நீ அதை விட்டுப் போய்விடு' என்று ஆட்டக்காரர்கள் மத்தியில் ஒரு சொல் உண்டு. கேரகர் அன்று எடுத்துப் போட்டது அதைத்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு இரவை வைத்து அதைச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்குத் தெரிந்த வரை மிட்ஃபீல்டருக்கு வயதாவது காலில் தெரிவதில்லை, தூரத்தில்தான் தெரியும். முப்பதைத் தாண்டினால் முதலில் போவது திடீர் வேகம். மொத்த ஓட்டம் போகாது. நடுவில் ஆடுகிறவர்கள் ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் முப்பத்தைந்திலும் அதை ஓடிவிடுவார். முடியாமல் போவது எது என்றால், ஒரு தடவை முழு வேகத்தில் ஓடி முடித்த கையோடு, மூச்சு இறங்குவதற்குள் இன்னொரு தடவை அதே வேகத்தில் ஓடுவது. அப்புறம், பின்னால் போன ஆளைப் பிடிக்கத் திரும்புவது. பந்தைத் தொடுவது, பாஸ் போகிற வழியை முன்கூட்டிப் பார்ப்பது, தலையால் முட்டுவது, இதெல்லாம் அவரிடம் அப்படியே இருக்கும். பத்து மீட்டருக்குள் அவர் பழைய ஆள்தான். முப்பது மீட்டர் துரத்தச் சொன்னால் மாட்டிக்கொள்வார்.

அந்த சீசனில் யுனைடெட் அவருக்கு முப்பது மீட்டரைத்தான் கொடுத்தது. முன்னால் இருப்பவர்கள் மேலே போய் எதிராளியை அழுத்துவார்கள், பின்வரிசை கீழேயே நிற்கும். நடுவில் கெடிலம் ஆறு மாதிரி அகலமாக ஒரு பள்ளம். அதில் தனியாக ஒருத்தர். ரியல் மாட்ரிட்டில் அவருக்குப் பக்கத்தில் மோட்ரிச், குரூஸ் என்று இரண்டு பெரிய மிட்ஃபீல்டர்கள் இருந்தார்கள் என்பதை உங்கள் நண்பர் ஐந்து கோப்பையை எண்ணும்போது சேர்த்து எண்ணியிருக்க மாட்டார்.

ஆனால் நண்பருக்கு நான் வக்கீல் இல்லை. அதே வருஷம் செப்டம்பர் 1, ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலோடு ஆட்டம். அன்று அவர் தன் சொந்த இடத்தில்தான் ஆடினார். அவர் தவறவிட்ட இரண்டு பந்தில் லூயிஸ் டியாஸ் இரண்டு கோல். பாதி ஆட்டத்தில் அவரை எடுத்துவிட்டு, 20 வயதுப் பையன் ஒருவனை பிரீமியர் லீக்கில் முதன்முதலாக இறக்கினார்கள். 3-0 தோல்வி. சென்டர் பேக் என்ற சாக்கு அன்று செல்லாது. துரத்தவில்லை, திரும்பவில்லை, பந்து அவர் காலில்தான் இருந்தது. அன்று இரவு நானே உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் அடுத்து நடந்தது எனக்குப் பெரிய பாடம். யுனைடெட்டுக்குப் புதுக் கோச்சாக அமோரிம் வந்தார், முதலில் காசெமிரோவை பெஞ்சில்தான் வைத்தார். 2025 தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல உள்ளே எடுத்தார். பின்னால் மூன்று சென்டர் பேக், பக்கத்தில் ஓடுகிற ஓர் ஆள். பள்ளம் சுருங்கியது. ஏப்ரலில் லியோனோடு அந்தப் பைத்தியக்கார 5-4 ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை நின்றார். மே 1 அன்று பில்பாவோவில் நடந்த ஆட்டத்தில் முதல் கோல் அவருடைய தலையால். உடம்பு ஒரு வருஷம் மூத்திருந்தது, இளமையாகவில்லை. அவரைச் சுற்றியிருந்த மீட்டர்தான் குறைந்தது.

இதில் அவர் தனி ஆள் இல்லை. இத்தாலிய மிட்ஃபீல்டர் பிர்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் ஏசி மிலான் சாம்பியன். கோச் அல்லெக்ரி. பிர்லோவுக்கு 32 வயது, காயம் வேறு, அவருடைய பழைய இடத்தில் ஓடி மறிக்கிற ஆட்களை நிறுத்திப் பழகிவிட்டார்கள். காசு வாங்காமலே விட்டுவிட்டார்கள். யுவென்டஸ் எடுத்துக்கொண்டது. கோச் கான்டே அங்கே செய்தது ரொம்ப எளிமையான காரியம்: இரண்டு பக்கமும் விடாலையும் மார்கிசியோவையும் ஓட விட்டார், பிர்லோவை ஓட விடவில்லை. 2011-12 லீக்கில் 38 ஆட்டத்திலும் தோல்வியே இல்லை. பிர்லோ இருந்த நான்கு வருஷமும் லீக் பட்டம் யுவென்டஸுக்குத்தான். கடைசி வருஷம் அங்கே கோச்சாக வந்து சேர்ந்தது யார் தெரியுமா, அதே அல்லெக்ரி. இருவரும் முதல் நாள் கைகுலுக்கியபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றும் ஆசை. அல்லெக்ரி ஏதோ கற்றுக்கொண்டார் என்றே தோன்றுகிறது. 2025-ல் மறுபடி மிலானுக்கு வந்தபோது நடுவில் நிறுத்தியது மோட்ரிச்சை. 40-வது பிறந்தநாள் முடிந்த ஐந்தாம் நாள் பொலோனாவோடு அடித்த ஒரே கோலும் மோட்ரிச்சுடையது.

மோட்ரிச் பேச்சு வந்ததால் ஒன்று. அவர் மாட்ரிட்டுக்கு வந்த 2012-ன் முடிவில், ஸ்பெயினின் மார்க்கா பத்திரிகை வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டபோது அந்த சீசனின் மோசமான வரவு என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது அவருக்கு. நடுவில் ஆடுகிறவரை நமக்குப் பார்க்கத் தெரிவதில்லை. கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. ஃபார்வர்டு சரிந்தால் கோல் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். மிட்ஃபீல்டர் பத்து வருஷம் சரியான இடத்தில் நின்றதை யாரும் பார்ப்பதில்லை, ஒரு நாள் தவறான இடத்தில் நின்றால் எல்லாரும் பார்த்துவிடுகிறோம். நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுவரிசையில் ஆடியவர். ஊரில் பெயர் தெரிகிறது. எந்த இடத்தில் ஆடுவார் என்று கேட்டால் 'ஃபார்வர்டு' என்கிறார்கள். என்னிடமே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் குரூப் சண்டை முடியாததற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுதான். நண்பர் ஐந்து கோப்பையைச் சொல்கிறார், அது அவர் யாராக இருந்தார் என்பதற்குப் பதில். நீங்கள் ஒலிசேயைச் சொல்கிறீர்கள், அது நேற்று ராத்திரி என்ன நடந்தது என்பதற்குப் பதில். வரும் சனிக்கிழமை அவரைச் சுற்றி யார் யார் ஆடுவார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதற்காக எல்லாருக்கும் எப்போதும் இடம் உண்டு என்று சொல்ல மாட்டேன். நாள் வரத்தான் செய்யும். பத்து மீட்டருக்குள்ளேயே பிந்த ஆரம்பித்தால், பக்கத்தில் ஓட ஆள் இருந்தும் பிந்தினால், அது வந்துவிட்டது என்று அர்த்தம். குரூஸ் 34 வயதில், சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு, இன்னும் ஆடு என்று எல்லாரும் கெஞ்சும்போதே போனார். எனக்கு அது பிடித்திருந்தது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் ஊரையே அழவைத்து விடைபெற்றுவிட்டு, அடுத்த மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோல் போட்டார். அதுவும் பிடித்துத்தான் இருந்தது. இதில் எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது.

சரி, மாமா.

நான் புதுச்சேரிக்கு வந்த பிறகு சாயங்காலங்களில் பெரியவர்கள் பெத்தாங் ஆடுவதை நின்று பார்ப்பேன். இரும்புக் குண்டை எறிகிற அந்தப் பிரெஞ்சு ஆட்டம்தான். தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிறந்த கதையை இப்படிச் சொல்வார்கள். அதற்கு முன்பு இருந்த ஆட்டத்தில் ஓடி வந்து எறிய வேண்டும், தூரமும் அதிகம். நன்றாக ஆடிய ஒருவருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் அவருக்காக ஆட்டத்தையே மாற்றினார்கள்: ஓடக் கூடாது, இரண்டு காலையும் ஊன்றி நின்று எறி, தூரம் ஆறிலிருந்து பத்து மீட்டர். ஒருவருக்காகச் சுருக்கிய மைதானத்தில் இன்று ஊர் ஊராக ஆடுகிறார்கள்.

உங்கள் மாமாவுக்காக டோர்னமென்ட் விதியை யாரும் மாற்றப் போவதில்லை. ஆனால் மீட்டரைக் குறைப்பது கேப்டன் கையில் இருக்கிறது. அந்த இரண்டு கோலின் வீடியோ யாராவது ஃபோனில் எடுத்திருப்பார்கள். கோலுக்குப் பத்து நொடி முன்னாலிருந்து ஓட விட்டு, பந்தைப் பார்க்காமல் மாமாவை மட்டும் பாருங்கள். அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவன் மேலே போய் நின்றுகொண்டு கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டிருந்தானா என்றும் பாருங்கள். முணுமுணுப்பவர்களில் அவனும் ஒருத்தனாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பந்து பத்து மீட்டருக்குள் இருந்தும் மாமா பிந்தியிருந்தால், முதல் பதினொன்றில் வேண்டாம். கடைசி 25 நிமிடம் இறக்குங்கள். மணலும் வெயிலும் எதிராளியின் காலையும் வாங்கியிருக்கும், மைதானம் அப்போது தானாகச் சுருங்கும். கார்னரும் ஃப்ரீ கிக்கும் அவரே எடுக்கட்டும்.

இதை அவரிடம் யார் சொல்வது என்றுதானே கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன். 44 வயது வரை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீமில் நடுவில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் குரூப்பில் சத்தமே இல்லை. மழை வரும் என்று ஆட்டத்தை விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அடுத்த வாரமும் சத்தமில்லை. காலாற நடந்து மைதானத்துப் பக்கம் போனேன். இரண்டு பக்கமும் பதினோரு பேர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. புதிதாக ஒரு குரூப் போட்டிருக்கிறார்கள், என்னைச் சேர்க்கவில்லை. ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, 'அண்ணே, உங்களுக்குக் கால்வலின்னு சொன்னாங்க' என்றான். எனக்குக் கால்வலி எதுவும் இல்லை. வீடு வரை இல்லாத கால்வலியோடு கொஞ்சம் நொண்டியே நடந்தேன் என்பது வேறு விஷயம். அவர்கள் என்னை எடுத்தது சரிதான், அந்த சீசன் நான் சுமை. சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடம் கோபப்பட்டிருப்பேன். சொல்லாததால் இரண்டு வருஷம் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை.

அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நேரில். பசங்கள் முன்னால் வேண்டாம், ஆட்டத்துக்கு முந்தின நாளும் வேண்டாம். அநேகமாக உங்களை மடியில் வைத்துக் காது குத்தியவர் அவராகத்தான் இருப்பார், நாக்கு எழும்பாது, தெரியும். சில்வர் பீச்சில் நடந்துகொண்டே சொன்னால் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம். வீடியோவையும் கொண்டுபோங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை அவர் அதில் பார்த்துச் சொன்னால், முடிவை மாற்றிக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

அப்புறம் அந்த ஸ்க்ரீன்ஷாட். 2024 செப்டம்பர் 1 ராத்திரி உங்கள் நண்பர் குரூப்பில் என்ன போட்டார் என்று மேலே தள்ளித் தேடிப் பாருங்கள்.