வாட்டர் போலோ சீசன் முடிந்தது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நீந்திக்கொண்டே பந்தை எதிரணிக் கோலுக்குள் எறியும் ஆட்டம்தான் வாட்டர் போலோ. எங்கள் கிளப்பில் ஜூனியர், சீனியர் இரண்டு பிரிவுக்கும் இந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. கடைசி ஆட்டத்தன்று கேலரியில் இருந்தவர்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மனதில் உள்ளதை எழுதித் தரச் சொன்னேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் எனப் பல பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்தன. இதே கிளப்பில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக ஆடி, இப்போது பயிற்சி கொடுப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

“மாஸ்டர், என் பையன் கடல்ல எவ்ளோ தூரம் வேணா நீந்துவான். அவங்க அப்பா கடலுக்குப் போறவரு. அவனைப் போய் முதல் மாசம் பூரா பந்தைத் தொடவே விடலையாமே, ஏன்?” – ஒரு அம்மா, காசிமேடு

அம்மா, உங்கள் பையன் நீச்சலில் ஒரு குறையும் இல்லை. இன்னும் சொன்னால், அவனிடம் இருக்கும் ஒரு பழக்கத்தை மற்றப் பிள்ளைகளுக்கு நான் ஆறு மாதம் பாடுபட்டுச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. கடலில் பழகியவர்கள் அலையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் தலையைத் தூக்கித்தான் நீந்துவார்கள். நீச்சல் பயிற்சிக்குப் போனால் முதல் நாளே அதைத் தப்பு என்று மாற்றிவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் வேண்டும். பந்து எங்கே, ஆள் எங்கே என்று பார்க்காமல் முகத்தைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு போகிறவனால் இந்த ஆட்டம் ஆட முடியாது.

அவனுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடல் உப்புத் தண்ணீர், ஆளைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். நீச்சல் குளத்துத் தண்ணீர் அப்படித் தூக்காது. முதல் நாள் அவனை நீளத்துக்கு நீந்தச் சொன்னபோது எல்லோரையும் முந்திப் போனான். “சரி, இப்போ அங்கேயே நில்லு, ரெண்டு கையையும் மேல தூக்கு” என்றேன். இருபது நொடிகூட ஆகவில்லை, மூக்குவரை தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கே ஆச்சரியம். முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தான்.

இந்த ஆட்டத்தில் தரையில் கால் ஊன்றக் கூடாது, கயிற்றைப் பிடித்துத் தொங்கவும் கூடாது. எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்கும் என்பதால், முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் காலாலேயே நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொடையை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே மட்டும் மாற்றி மாற்றிச் சுழற்ற வேண்டும். இடது கால் ஒரு பக்கம் சுற்றினால் வலது கால் எதிர்ப்பக்கம் சுற்றும். எக்பீட்டர் என்போம். அது வந்துவிட்டால் இடுப்புவரை தண்ணீருக்கு மேலே எழும்பலாம். வராதவன் கையில் பந்தைக் கொடுத்தால் பந்தும் போகும், அவனும் மூழ்குவான். அதனால்தான் அந்த ஒரு மாதம். இப்போது 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறான். அடுத்த முறை வரும்போது பாருங்கள், உங்களுக்கே புரியும்.

“நானும் என் ஃப்ரெண்டும் ஒரே கிளாஸ். அவனை ஜூனியர்ல சேத்துக்கிட்டாங்க, என்னை வயசு தாண்டிடுச்சுன்னுட்டாங்க. எனக்குப் பிறந்தநாளே இன்னும் வரலையே?” – மாணவன், தண்டையார்பேட்டை

தம்பி, ஆட்டம் நடக்கும் நாளில் உனக்கு என்ன வயது என்பது கணக்கில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. உலக நீச்சல் அமைப்பின் விதி அது. அதன்படி உன் பிறந்தநாள் முன்கூட்டியே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். உன் நண்பன் உனக்கு அடுத்த ஆண்டில், ஜனவரியில் பிறந்தவன். சில வாரங்கள்தான் வித்தியாசம், ஆனால் பிறந்த ஆண்டு வேறு. பிறப்புச் சான்றிதழை எல்லோரும் முதலிலேயே கொண்டுவந்து காட்டிவிடுங்கள். கடைசி நாளில் இதைச் சொல்லி ஒரு பையனைத் திருப்பி அனுப்புவது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

“ரெஃப்ரி எதுக்கு இப்படி நிமிஷத்துக்கு நாலு விசில் ஊதுறாரு? ஒண்ணுமே புரியல.” – ஒரு அப்பா, வியாசர்பாடி

வியாசர்பாடியில் ஃபுட்பால் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அங்கே விசில் ஊதினால் ஆட்டம் நிற்கும். இங்கே முக்கால்வாசி விசிலுக்கு ஆட்டம் நிற்பதே இல்லை.

பந்து ஒருவன் கைப்பிடியில் இருக்கும்வரை அவனைப் பிடிக்கலாம், அமுக்கலாம், கபடி மாதிரிதான். அவன் பந்தை விட்டுவிட்ட நொடியில் அவன்மேல் கை வைத்தால் தப்பு. கெட்டிக்காரப் பையன் என்ன செய்வான்? எதிராளி முதுகில் ஏறும்போது பந்தைப் பொத்தென்று தண்ணீரில் விட்டுவிடுவான். விசில். ஃப்ரீ த்ரோ, அதாவது தடையில்லாமல் பந்தை எறியும் வாய்ப்பு, அவனுக்கு. உடனே பாஸ் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நீங்கள் கேட்ட விசிலில் பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய விசில் வேறு. பந்து கையில் இல்லாதவனைப் பிடித்து இழுத்தாலோ மூழ்கடித்தாலோ, முகத்தில் வேண்டுமென்றே தண்ணீர் அடித்தாலோ எக்ஸ்க்ளூஷன். அந்த ஆள் கொஞ்ச நேரம் தன் அணியின் மூலையில் போய் இருக்க வேண்டும். அப்போது தாக்குகிறவர்கள் ஆறு பேர், கோலியைத் தவிரத் தடுக்கிறவர்கள் ஐந்து பேர். ஜூனியர் ஆட்டங்களில் நாம் வாங்கிய கோலில் பாதிக்கு மேல் இந்த மாதிரி நேரத்தில்தான் வாங்கினோம். மூன்று பெரிய தப்பு செய்தவன் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது.

“சீனியர் அரையிறுதில மூணாவது குவார்ட்டர்ல 6-6ன்னு இருந்துச்சு. ஜூனியர்ல அத்தனை கோல் போட்ட பையன் பெஞ்ச்ல உக்காந்து இருந்தான். அவனை இறக்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல? 8-7ல தோத்தது இன்னும் மனசு ஆறல.” – ஒரு பெரியவர், வண்ணாரப்பேட்டை

ஐயா, எனக்கும் ஆறவில்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனாலும் மறுபடி அதே நிலைமை வந்தாலும் அவனை இறக்க மாட்டேன்.

அந்தத் தம்பிக்குப் பதினைந்து வயது, ஒல்லியான உடம்பு. அவன் ஆடுவது சென்டரில். எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டி, நேர் எதிரே நின்று பந்து வாங்க வேண்டிய இடம் அது. அவனுக்குப் பின்னால் அன்று நின்றவர் நன்றாக வளர்ந்த, முப்பது வயதுக்கு அருகில் இருக்கும் ஆள். மேலே இருந்து பார்க்கிற உங்களுக்கு இரண்டு தலை மட்டும்தான் தெரியும். தண்ணீருக்கு அடியில் இடுப்பைப் பிடித்து இழுப்பதும், முழங்காலால் முட்டித் தள்ளுவதும், காலோடு கால் பின்னுவதும் நடந்துகொண்டே இருக்கும். பையன் அவருடைய எடையையும் சேர்த்துத்தான் மிதக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு நான் அந்தத் தப்பைச் செய்தேன். இதே போல ஒரு பையன், இதே போல ஓர் ஆட்டம். எல்லோரும் கத்தினார்கள், நானும் ஆசைப்பட்டேன், இறக்கினேன். ஒரு கோல் அடித்தான். கேலரி எழுந்து நின்றது. கடைசிக் கால்பகுதியில் அவன் கால் ஓய்ந்துவிட்டது. உடம்பு மேலே எழும்பவில்லை, காதுவரை தண்ணீர். அப்படியும் பந்தை எறிந்துகொண்டே இருந்தான், வெறும் தோள்பட்டையின் பலத்தில். பந்து எறிவதற்கான விசை காலிலிருந்து இடுப்புக்கு வந்து, முதுகு திரும்பி, அதற்குப் பிறகுதான் தோளுக்கு வர வேண்டும். கால் இல்லாதபோது முழுப் பாரமும் தோளில் இறங்கும். மறுநாள் அவனால் ஸ்கூல் பையைத் தூக்கி மாட்ட முடியவில்லை. நான்கு மாதம் பிசியோதெரபி. பிறகு அவன் கிளப்புக்கு வரவே இல்லை. அவன் அம்மா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்தத் தம்பிக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும். சீனியர்களோடு பயிற்சியில் இறங்குகிறான், பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படிக்கிறான். அரையிறுதி வரும் போகும் ஐயா.

“பொண்ணை அனுப்பலாமா? வீட்ல மாமியார் வேணாங்குறாங்க. அந்த மூணு நாள் என்ன செய்றது?” – ஒரு அம்மா, திருவொற்றியூர்

தாராளமாக அனுப்புங்கள். பெண்களுக்குப் பந்து சற்றுச் சின்னது, விதிகள் பெரும்பாலும் ஆண்களுக்கு உள்ளவைதான். ஒலிம்பிக்ஸில் ஆண்கள் 1900-லிருந்து ஆடுகிறார்கள், பெண்களுக்கு 2000-ல் சிட்னியில்தான் கதவு திறந்தது. நூறு வருடம் காத்திருந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை இன்னும் காக்க வைக்க வேண்டாமே.

அந்த நாட்களில் வருவதும் வராததும் உங்கள் மகளின் விருப்பம். யாரும் காரணம் கேட்க மாட்டோம். பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இருக்கிறார், என்னிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்லலாம். மாமியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். பேத்தி பந்தைத் தூக்கி அடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

“முதல் ஆட்டத்தன்னிக்கு என் பேரனைக் குளத்துல இறங்கவே விடாம ரெஃப்ரி திருப்பி அனுப்பினாரே, என்ன தப்பு பண்ணான்?” – பாட்டி, ராயபுரம்

பாட்டி, நீங்கள் ஆசையாகத் தேய்த்துவிட்ட தேங்காயெண்ணெய்தான் காரணம். உடம்பில் எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டு போனால் எதிராளியால் பிடிக்க முடியாது அல்லவா? அதனால் கழுவச் சொன்னார்கள். அவன் சோப்பு போட்டு மூன்று முறை குளித்துவிட்டு வந்தான், பிறகு விட்டுவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கண்டுபிடித்திருந்தால் அந்த ஆட்டம் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பான். ஆட்ட நாளில் எண்ணெய் வேண்டாம், மற்ற நாட்களில் உங்கள் இஷ்டம்.

இதோடு நகத்தையும் சொல்லிவிடுகிறேன். வரிசையாக நிற்க வைத்து, ரெஃப்ரி ஒவ்வொருவர் விரலாகத் தடவிப் பார்ப்பார். முந்தின நாள் இரவே ஒட்ட வெட்டி, முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அரைஞாண் கயிறு, வெள்ளிக் காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.

“கண்ணு எரியுது, கண்ணாடி போட்டுக்கலாமா?” – ஏழாம் வகுப்பு, தண்டையார்பேட்டை

நீந்தும்போது போட்டுக்கொள். ஆட்டத்தில் கூடாது. பந்து பட்டு உடைந்தால் கண்ணுக்கே ஆபத்து.

“நம்ம ஏரியாவுலயே பயிற்சி வைக்கக் கூடாதா? வேளச்சேரி போய் வரவே பாதி நாள் போயிடுது.” – பலர்

நோட்டில் அதிகம் பேர் எழுதியது இதுதான். ஆழம்தான் காரணம். போட்டிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் வேண்டும், அதுவும் குளம் முழுக்க. நம் பக்கம் எங்களுக்குக் கிடைக்கும் குளத்தில் ஒரு முனை மார்பளவுதான். அங்கே கால் வேலையும் பாஸும் பழகலாம், ஆட்டம் ஆட முடியாது. கால் தரையில் தட்டும், பிள்ளைகள் தெரியாமலே ஊன்றிப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கம் போகவே போகாது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகத்தில் அந்த ஆழம் இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் வேளச்சேரி. பிள்ளைகள் விடிகாலை ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு வருவதை நான் தினமும் பார்க்கிறேன். குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் ஃபுட்பாலுக்கும் பேர் போன வடசென்னைக்கு ஆழமான குளம் ஒன்று வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் வந்து போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிற வீடுகளில் அப்போது கையில் காசு இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகளிடம் கட்டணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பணத்துக்காக யாரும் பிள்ளையை நிறுத்த வேண்டாம்.

“இந்தியா இதுல ஏதாச்சும் ஜெயிச்சிருக்கா?” – கல்லூரி மாணவர், பெரம்பூர்

ஜெயித்திருக்கிறது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே தங்கம். அதே போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய சச்சின் நாக் வாட்டர் போலோவும் ஆடியவர். 1970-ல் வெள்ளி, 1982-ல் வெண்கலம். 1948, 1952 ஒலிம்பிக்ஸிலும் ஆடியிருக்கிறோம். இன்று நாட்டுக்குள் ரயில்வே, ராணுவத்தினரின் சர்வீசஸ், கேரளம், வங்காளம் அணிகள் பலமானவை. ரயில்வே ஆட்டக்காரர்கள் பந்து இல்லாதபோது எப்படி நகர்கிறார்கள் என்பதை வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள்.

“மழைக்காலத்துல என்ன பண்றது? குளம் மூடிடுவாங்களே.” – ஜூனியர் அணிப் பையன்

ஸ்கிப்பிங், ரப்பர் பேண்ட் கட்டித் தோள் பயிற்சி, சுவரில் பந்தடித்துப் பிடிப்பது. ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும், கோலி தவிர மற்றவர்களுக்கு இரண்டு கை கிடையாது.

“நான் கோலி ஆகணும் மாஸ்டர். உயரம் கம்மி. முடியுமா?” – எட்டாம் வகுப்பு மாணவி, காசிமேடு

முடியும்மா. கோல் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம்தான். உயரம் கொஞ்சம் உதவும், ஆனால் அதைவிட உன் இடுப்பு எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்பதுதான் முக்கியம். நானும் உயரமானவன் இல்லை. பந்து எறிகிறவளின் முகத்தைப் பார்க்காதே, முழங்கையைப் பார். முழங்கை பின்னால் போகும்போது நீ எழும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கடற்கரை நிலையத்தில் மற்றவர்களோடு நில். கோலி போடும் சிவப்புக் கேப் ஒன்று எடுத்து வருகிறேன். தாடைக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போடும் கயிறு, நனைந்தால் இறுகிவிடும். முதலில் அதை அவிழ்க்கக் கற்றுத் தருகிறேன், அப்புறம் தண்ணீரில் இறங்கலாம்.