அப்பா தோற்ற பாதை வழக்கை மகன் மறுபடி போட முடியுமா?

கேள்வி கேட்டவர் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையில் தனக்குப் பாத்தியம் உண்டு என்று அப்பா போட்ட வழக்கு முன்சீப் கோர்ட்டிலும் அப்பீலிலும் தள்ளுபடி. இப்போது பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. தன் பெயரில் புதிதாக வழக்குப் போடலாமா என்கிறார்.

கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். உங்கள் விஷயத்தில் புது வழக்கு நிற்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 11ஆம் பிரிவு அதற்குத் தடை. அதிகாரமுள்ள கோர்ட் விசாரித்து முடித்த விவகாரத்தை அதே தரப்பினரோ, அவர்கள் வழியாக உரிமை கேட்கும் வாரிசோ, பின்னால் வாங்கியவரோ மறுபடி கிளப்ப முடியாது. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தாலும் நிலம் அதே நிலம்தான். அப்பா அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வாதத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், அதையும் எழுப்பியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'வேறு வழியே இல்லாததால் சட்டம் தரும் அவசியப் பாதை என்று அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்கிறோம்' என்று வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஆனால் எல்லாத் தள்ளுபடியும் ஒன்றல்ல. பலர் டிகிரி, அதாவது தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் கோர்ட் ஆணையின் நகலை மட்டும் கொண்டுவருகிறார்கள். ஓரிரு தாள், தள்ளுபடி, செலவுத்தொகை, அவ்வளவுதான் இருக்கும். ஏன் தள்ளினார்கள் என்பது தீர்ப்பு நகலில்தான் இருக்கும். இரு தரப்புக் கதையும் முடிந்த பிறகு எழுவினாக்கள், அதாவது கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், என்று ஒன்று, இரண்டு எனப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீதிபதி என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று விரல் வைத்துப் படியுங்கள். அதிகார வரம்பு இல்லை என்றோ, சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை என்றோ மட்டும் தள்ளியிருந்தால் உரிமை இன்னும் தீர்மானமாகவில்லை. வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வழக்கில் யார் அனுபவித்து வருகிறார்கள் என்பதை மட்டும் பார்த்து முடித்திருந்தாலும், உரிமை உண்டு என்று அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்கைத் தனியாகப் போட வழி இருக்கலாம். வாதி வராமல் தள்ளுபடியானது வேறு கதை. அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது, 30 நாளுக்குள் பழைய வழக்கையே மீட்க மனுப் போட வேண்டும். பழைய வழக்குக் கட்டைத் தேடும்போது தர்மபுரி மாவட்டம் என்று இருந்தால் குழம்பாதீர்கள், 2004 வரை நாம் அந்த மாவட்டம்தான்.

'கேஸைப் போட்டுவை, இழுக்கட்டும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். முடிந்த வழக்கைத் திரும்பப் போடுவது கோர்ட்டைத் தவறாகப் பயன்படுத்துவது என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே கே.கே. மோடி வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் வேலையை விட்டு வாய்தாவுக்கு வந்து நிற்கிறது. ஜெயித்த பிறகும் அவர்களுக்கு நிம்மதி இல்லை என்றால் தீர்ப்புக்கு என்ன அர்த்தம்?

சரி, அந்தப் பத்திரத்தை என்ன செய்வது? உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்து, கூடுதல் சாட்சியமாக ஏற்கும்படி மனுப் போடலாம். ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அதை எடுப்பார்கள். இல்லையென்றால், கடைசியாகத் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே மறுஆய்வு மனு. உரிய முயற்சி எடுத்தும் அப்போது பத்திரம் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். பதிவான பத்திரம் என்றால் இது கஷ்டம், பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கலாமே என்பார்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள், மறுஆய்வு மனுவுக்கு 30 நாள். தீர்ப்பு, டிகிரி நகலுக்கு மனுப் போட்டு அது தயாராக ஆன நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் நகல் மனுவை நாளைக்கே போடுங்கள். கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்துத் தயார் செய்யச் சொல்லுங்கள்.