பாப்பா பயோகெமிஸ்ட்ரி கேக்கறா, விடலாமாண்ணா?

அண்ணா, நேத்து நீங்க கோவமா கெளம்பிட்டீங்க, அதான் எழுதறேன். நீட்ல சீட் வரல, இப்ப பயோகெமிஸ்ட்ரி, அதான் உடம்புக்குள்ள நடக்கற வேதியியல் படிப்பு, எடுத்து லிவருக்கு வயசாகறத ஆராய்ச்சி பண்றேங்கறா, இதுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுப்பான்னு கேட்டீங்க.. நியாயமான கேள்விதான்.

வயசு ஏற ஏற லிவரோட சைஸும் அதுக்கு போற ரத்தமும் குறையுதுங்கண்ணா, வயசானவங்களுக்கு சில மாத்திரைய டாக்டர் கம்மி டோஸ்ல ஆரம்பிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா மந்தமாயிடும், கொழுப்பு எரியாம தேங்கும், அப்பறம் வீக்கம், தழும்பு, கூடவே சுகரு. இப்படி கொழுப்பு தேங்கறதுக்கு பேருதான் ஃபேட்டி லிவர், அது முத்தி தழும்பு விழுந்தவங்களுக்குன்னு மொத மாத்திரையே, ரெஸ்மெட்டிரோம்னு பேரு, 2024 மார்ச்லதான் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. வயசாகறதையே தள்ளிப்போட இன்னும் எந்த மருந்துக்கும் அனுமதி கெடையாது, வாட்ஸ்அப்ல வர்ற லிவர் பவுடர் எல்லாம் சும்மா. ஆக, செய்ய வேண்டிய வேலை நெறைய பாக்கி கெடக்கு.

ஆனா ஒன்னு மறைக்க மாட்டேன், பிஎஸ்சி 3, எம்எஸ்சி 2, பிஎச்டி 5ன்னு பத்து வருஷம் ஓடிரும். உங்க கொலுசு பட்டறையில பையனுக்கு கை படியவே எத்தன வருஷம் ஆகுது? கருப்பூர் பெரியார் யுனிவர்சிட்டிலயே எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி இருக்கு, இருந்தாலும் பெரிய எடத்துல எம்எஸ்சி சேர்றதுக்கான ஜாம், காட்-பி நுழைவுத்தேர்வு ரெண்டும் பிஎஸ்சி மூணாவது வருஷம் எழுத வைங்க. அப்பறம் சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சையில ஜேஆர்எஃப், அதான் பிஎச்டி பண்றவங்களுக்கான அரசாங்க உதவித்தொகை, அடிச்சா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது கெடைக்காம கைக்காசு போட்டு பிஎச்டி பண்றதுக்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன், எம்எஸ்சியோட நிறுத்திட்டு மருந்து கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோல், கிளினிக்கல் டிரையல் வேலைன்னு போயிரலாம். பெங்களூரு ஐஐஎஸ்சி ஆராய்ச்சி நிறுவனத்துலயே லாங்கிவிட்டி இந்தியான்னு வயசாகறத ஆராயறதுக்குன்னே ஒரு திட்டம் ஓடுது, நம்ம சேலத்துல காலைல ரயிலேறினா மத்தியானம் அங்க.

நூறு சதவீத பிளேஸ்மென்ட்னு போர்டு வெச்ச காலேஜுக்கு மட்டும் அட்வான்ஸ் கட்டிராதீங்க. அங்க லேப்ல பிள்ளைங்க கையாலயே பிசிஆர், அதான் டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்கற சோதனை, பண்றாங்களா, இல்ல தூரத்துல இருந்து வேடிக்கதானான்னு ஒருதடவ நேர்ல போய் பாருங்க. புள்ளிவிவரமும் கொஞ்சம் கோடிங்கும் இப்பவே தொடங்கட்டும், இன்னிக்கு பாதி ஆராய்ச்சி கம்ப்யூட்டர்லதான்.

ஞாயித்துக்கெழம பாப்பாவ கூட்டிட்டு வாங்க. அந்த லிவர் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொண்டாங்க, அதுல போட்டிருக்கற ஃபேட்டி லிவர் கிரேடு 1ன்னா என்னன்னு என்னைய கேட்டீங்கல்ல, அவளையே கேப்போம்.