கிளட்சை மிதித்தால் நிற்கும் சத்தம்

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். 1996ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். 1.8 எஞ்சின், ஐந்து கியர். விற்பவர் தனி ஆள். நியூட்ரலில் நிற்கும்போது கியர் லிவருக்கு அடியிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. "பழைய எம்எக்ஸ்-5 எல்லாமே இப்படித்தான், பழகிவிடும்" என்கிறார். விலையையும் கொஞ்சம் குறைக்கத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா?

பதில்: விற்பவர் சொல்வது பாதி உண்மையாக இருக்கலாம். உங்கள் காரில் அது எந்தப் பாதி என்று தெரிந்த பிறகு விலை பேசுங்கள்.

நியூட்ரலில் கார் நின்றால் கியர்பாக்ஸும் ஓய்வாக இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில், கிளட்ச் பெடலில் கால் படாதவரை எஞ்சினோடு சேர்ந்து இன்புட் ஷாஃப்டும் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். அது லே ஷாஃப்ட் என்ற, பக்கத்தில் இணையாக இருக்கும் இன்னொரு தண்டைச் சுழற்றும். லே ஷாஃப்ட் மற்ற கியர்களை எல்லாம் சுமை இல்லாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்தால் இத்தனையும் ஓரிரு நொடியில் அடங்கிவிடும். அதனால் நீங்கள் கேட்ட சத்தம் பெரும்பாலும் இந்தச் சுழலும் பாகங்களில் ஒன்றிலிருந்துதான் வருகிறது.

இதில் சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்றால் ஆபத்து இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை உந்தும். கியர் பற்களுக்கு இடையே இருந்தாக வேண்டிய சிறு இடைவெளியில், சுமை இல்லாத பற்கள் அந்த உந்தலுக்கு ஏற்ப ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருக்கும். கூழாங்கற்களை டப்பாவில் போட்டு ஆட்டியது போலக் கேட்கும். பழைய கியர்பாக்ஸ்களில் இது சகஜம். மற்றது இன்புட் ஷாஃப்டின் பேரிங் அல்லது லே ஷாஃப்டின் பேரிங் தேய்ந்து போயிருப்பது. அது தானாகச் சரியாகாது, நாளாக ஆக மோசமாகும்.

பிரித்து அறிய ஒரு கருவியும் தேவையில்லை. காரை முதலில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், பல சத்தங்களை அமுக்கிவிடும். விற்பவர் இரண்டு தெருவுக்குமேல் ஓட்ட விடாவிட்டால் கவனமாக இருங்கள். சூடானதும் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக நிமிடத்துக்கு 1500 சுற்றுவரை ஏற்றுங்கள். கரகரப்பு கரைந்து காணாமல் போனால் அது பற்கள் தட்டும் சத்தம். சுற்று ஏற ஏற அதுவும் ஒரு ரீங்காரமாகக் கூடவே ஏறினால் பேரிங்.

அப்புறம் சாலைக்குப் போங்கள். ஒரே வேகத்தில், மணிக்கு 40 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியர்களில் மாறிமாறி ஓட்டிக் கேளுங்கள். இந்த ஐந்து கியர் பெட்டியில் நான்காவது நேரடி கியர். இன்புட் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் சுற்றும், ஆனால் அதன்மேல் சுமை இருக்காது. மூன்றிலும் ஐந்திலும் உறுமுகிற பெட்டி நான்கில் அமைதியானால் லே ஷாஃப்டையும் அதன் பேரிங்குகளையும் சந்தேகியுங்கள். நியூட்ரல் உட்பட எல்லாவற்றிலும் அதே ரீங்காரம் என்றால் இன்புட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்கள்தான் தேய்ந்திருக்கின்றன. (1999 வாக்கில் வந்த ஆறு கியர் பெட்டியில் நேரடி கியர் ஐந்தாவது. அந்தக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.)

மூன்று கியரிலும் சத்தத்தின் சுருதி கொஞ்சமும் மாறாமல், காரின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறதா? அப்படியானால் கியர்பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். யாரும் இல்லாத சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிச் சற்று உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு), வீல் பேரிங், டயர் இவற்றில் ஒன்று. வளைவில் திரும்பும்போது கூடியும் குறைந்தும் கேட்டால் பெரும்பாலும் வீல் பேரிங்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த பழைய எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸ் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு மெக்கானிக் உறுதியாகச் சொன்னார். வேறு பெட்டி தேடி அலைந்தேன். கடைசியில் கியர் லிவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது தெரிந்தது. பெட்டியின் இயல்பான சத்தமும் சூடும் அந்தக் கிழிசல் வழியாக நேராக என் முழங்கைக்கு அருகே வந்துகொண்டிருந்தன. உறையை மாற்றி, லிவரின் அடிக்குழியில் புது ஆயில் விட்டதும் கார் அமைதியாகிவிட்டது. இந்தக் காரில் உள்ளும் புறமுமாக இரண்டு ரப்பர் உறைகள் உண்டு. முப்பது வருடத்தில் அவை கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். லிவரின் தோல் உறையைத் தூக்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

சோதனையில் பேரிங் என்றே தெரிந்தால்? அப்போதும் அந்தக் காரை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எம்எக்ஸ்-5கள் பெரும்பாலும் துருவால் சாகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள முனை, அரித்துப் போய்க் கழிக்கப்பட்ட கார்களிலிருந்து நல்ல கியர்பாக்ஸ்கள் கழற்றி விற்கப்படுகின்றன. பேரிங் மாற்றிப் பெட்டியைப் புதுப்பிக்கும் கூலியைவிடப் பல நேரங்களில் அது மலிவு. சில் வெல்டிங் அப்படி இல்லை, தோண்டத் தோண்டச் செலவு வளரும். அதனால் பெட்டிச் சத்தத்தில் மயங்கிச் சில்லைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். காரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை) வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். துரு பற்றிய பழைய எச்சரிக்கைகளை வருடவாரியாகப் படியுங்கள். கியர்பாக்ஸின் உட்புறத்தை எம்ஓடி சோதிப்பதில்லை. "புது எம்ஓடி இருக்கிறது" என்பது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

விலை பேசும்போது, வேறொரு பெட்டி வாங்கிப் பொருத்தும் செலவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அதை முழுதாகக் கழியுங்கள். "கொஞ்சம்" குறைப்பது போதாது. பெட்டியை இறக்கும்போது கிளட்ச், அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், கூலி ஒருமுறைதான். அந்தப் பாகங்களின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, தனி ஆளிடம் வாங்கும்போது கார் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உள்ள முக்கியப் பாதுகாப்பு. அதனால் "கியர்பாக்ஸில் கோளாறு ஏதும் உங்களுக்குத் தெரியுமா?" என்று குறுஞ்செய்தியில் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஹாரோவில் ஒரு டீலரிடம் 2003ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எனக்குச் சத்தம் நேர்மாறு: கிளட்சை மிதிக்கும்போதுதான் கீச்சென்று வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வாங்கும்போது இல்லை. டீலரோ "பழைய கார், தேய்மானம் சகஜம், பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார்.

பதில்: மிதிக்கும்போது வரும் கீச்சுக்கு முதல் காரணம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் மிதித்தாலும் கீச்சிட்டால் அதுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். கியர் போட்டு, மிதித்தபடி நிற்கும்போது மட்டும் சத்தம் வந்தால் எஞ்சின் முனையில் இருக்கும் பைலட் பேரிங்காக இருக்கலாம். இரண்டுமே விலை குறைந்த பாகங்கள்தான். ஆனால் அவற்றைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். டீலர் தயங்குவதன் காரணமும் அந்தக் கூலியாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு முக்கியம் நாள்கணக்கு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய கார் திருப்திகரமான தரத்தில் இல்லையென்றால் முதல் 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மூன்று வாரம் போய்விட்டது, இன்றே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது போதாது. மின்னஞ்சலில் என்ன கோளாறு, எப்போது தொடங்கியது, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழுது பார்த்துத் தரச் சொன்னால், கார் அவரிடம் இருக்கும் நாள்கள் அந்த 30இல் சேராது. 30 நாள் கடந்துவிட்டால் சரிசெய்ய ஒரு வாய்ப்பு அவருக்குத் தர வேண்டும்; அதுவும் பலிக்காவிட்டால் விலைக்குறைப்போ, திருப்பிக் கொடுக்கும் உரிமையோ உண்டு. முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்த கோளாறு விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது டீலரின் பொறுப்பு. முதல் 30 நாள் உரிமைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதனால் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தரம் எது என்று தீர்மானிக்கும்போது காரின் வயதும் விலையும் கணக்கில் வரும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட காரில் புதுக் கார் அமைதியை யாரும் தரப்போவதில்லை. வாங்கும் முன்பே அவர் சுட்டிக்காட்டிய கோளாறுக்கும் பின்னால் வழக்காட முடியாது. அதனால்தான் முதல் கேள்வி கேட்டவர் போலச் சத்தம் கேட்டுக்கொண்டே வாங்குகிறவர்கள் விலையிலேயே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் காரில் வாங்கும்போது சத்தமே இல்லை என்கிறீர்கள். ரசீதில் "உள்ளபடியே விற்கப்பட்டது" என்று எழுதியிருந்தாலும் இந்த உரிமைகள் போய்விடாது. காரின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்து, முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் கோரலாம்.

கேள்வி: என் 1994 எம்எக்ஸ்-5இல் குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது, சில நேரம் நறநறக்கிறது. நண்பர் ஜிஎல்-5 ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு ஏற்றது. அதில் அதிகமாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களில் சில வகைகள், கியர் மாறும்போது வேகங்களைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கும். வளையத்துக்குத் தேவையான பிடிமானத்தையும் அது குறைத்துவிடும். உங்கள் பெட்டிக்கு 75டபிள்யூ-90 கெட்டித்தன்மை கொண்ட ஜிஎல்-4 ஆயில், ஏறக்குறைய 2 லிட்டர் வேண்டும்.

இரண்டாவது கியர் முதல் சில மைல்களில் விறைப்பாக இருப்பது இந்தக் காரின் பிறவிக் குணம். சூடான பிறகும் நறநறத்தால்தான் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அதற்கு முன் கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று பாருங்கள். இந்தக் கார்களில் பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுசேர்க்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது மிகச் சாதாரணம். கசிந்தால் எல்லா கியருமே முரண்டு பிடிக்கும், பழி மட்டும் கியர்பாக்ஸ்மேல் விழும்.

ஆயில் மாற்றும்போது நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது இறுகிப்போய் வராவிட்டால், ஆயிலை வடித்த பெட்டியோடு கார் நடுத்தெருவில் நிற்கும். வடித்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு படிந்திருப்பது இயல்பு. பொன்னிறத் துகள் மின்னினால் அது சிங்க்ரோவின் பித்தளை. விரலில் குத்தும் எஃகுச் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது, அந்தப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.